எலிக்கு அளப்பதை எங்களுக்கு ஏன் அளப்பதில்லை?

தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தம் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும் என்பதுபோலத்தான் பேசுகிறார்கள். ஹீமோகுளோபினைப் பார், இரும்புக் குளிசையைக் கொடு, தேத்தண்ணியைக் குறைக்கச் சொல், கீரை சாப்பிடச் சொல். அதற்குப் பிறகும் சோகை தீரவில்லையென்றால் அந்தப் பெண்களின் அறியாமை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சுகாதாரம் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் இதே வரிகள்தான் வெவ்வேறு குரல்களில் வரும். ஃபெரிட்டின் அளவையும் பார்க்க வேண்டாமா என்று ஒருவர் எழுந்து கேட்டால், அது ஆய்வுகூடத்தில் எலிக்குப் பார்க்கிற சோதனை, தோட்டத்து டிஸ்பென்சரிக்கு எதற்கு என்ற பதிலும் கைவசம் இருக்கும்.

அந்தப் பதிலையே பிடித்துக்கொள்கிறேன். ஆம், எலிக்குப் பார்க்கிறார்கள். ஏன் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள், பார்த்து என்ன கண்டார்கள் என்று தெரிந்துகொண்டால், மேலே சொன்ன வரிகளில் ஒன்றுகூட முழுசாகத் தேறாது.

உடம்பு இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம்தான் ஃபெரிட்டின். 1937-இல் செக் நாட்டு விஞ்ஞானி விலெம் லாஃப்பெர்கர் குதிரையின் மண்ணீரலிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 24 புரதத் துண்டுகள் கூடி அமைந்த வெற்றுக் கோளம் அது. உள்ளே ஏறத்தாழ 4,500 இரும்பணுக்கள் வரை அடங்கும். கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகியவைதான் அதன் இருப்பிடங்கள். ஒருவரிடம் இரும்புக் கையிருப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நெடுங்காலம் மச்சையை ஊசியால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. 1972-இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்து ஆய்வாளர்கள், இரத்தத்தின் தெளிநீரில் மிகச் சிறிய அளவில் கசிந்திருக்கும் ஃபெரிட்டினை அளக்க வழி கண்டார்கள். ஆரோக்கியமான ஒருவரின் தெளிநீரில் லீற்றருக்கு 1 மைக்ரோகிராம் இருந்தால், உடம்பின் கிடங்கில் சுமார் 8 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று கணக்குப் போடலாம். அதன் பிறகு மச்சையைக் குத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லாமல் போயிற்று.

இரும்பு தீரும் வரிசை ஒன்று உண்டு. முதலில் கிடங்கு காலியாகும். பிறகு, புதிய சிவப்பணுக்களைச் செய்ய மச்சைக்குப் போக வேண்டிய இரும்பு குறையும். ஹீமோகுளோபின் இறங்குவது கடைசியில். அடுப்பில் பானை நிறையச் சோறு வெந்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, டின்னில் நாளைக்கு அரிசி இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஹீமோகுளோபினை மட்டும் பார்ப்பவர் அப்படித்தான் சொல்கிறார்.

இனி எலிக்கு நடக்கும் மரியாதையைப் பார்ப்போம். ஆய்வுகூட எலியின் இரத்தத்தில் ஃபெரிட்டின் அளக்கப் போகிறவர் மனிதருக்கென்று செய்த சோதனைப் பெட்டியைத் திறக்க மாட்டார். மனித ஃபெரிட்டினைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி எலியின் ஃபெரிட்டினைச் சரியாகப் பற்றாது. வரும் எண்ணுக்கு மதிப்பும் இருக்காது. எலிக்கு எலிக்கான பெட்டி, நாய்க்கு நாய்க்கான பெட்டி. இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து தெளிநீர் சிவந்திருந்தால் அந்த மாதிரி கழிக்கப்படும். அணுவுக்குள் இருக்கும் ஃபெரிட்டினும் கலந்து எண் பொய்யாக ஏறிவிடும் என்பதால். விலங்குக்கு எங்காவது புண்ணோ அழற்சியோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அழற்சியிலும் ஃபெரிட்டின் ஏறும். தின்றது என்ன என்பதும் எழுத்தில் இருக்கும். அமெரிக்க ஊட்டச்சத்து நிறுவனம் 1993-இல் வகுத்த எலித் தீனியில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் இரும்பு என்று அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் செய்யாமல், ஹீமோகுளோபினை மட்டும் அளந்து, இந்த எலிக்கு இரும்புக் குறைபாடு இருக்கிறது அல்லது இல்லை என்று யாராவது கட்டுரை அனுப்பினால் எந்த நல்ல இதழும் அதைத் திருப்பி அனுப்பிவிடும். பொகவந்தலாவையில் மலையேறிக் கொழுந்தெடுக்கும் பெண்ணைப் பற்றி அதே ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அதற்குத் திட்டம் என்று பெயர்.

எலியை இத்தனை பாடுபட்டு அளந்து என்ன கண்டார்கள்? இங்கேதான் நம்மவர்களின் முதல் வரி விழுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கிளெமென்ட் ஃபின்ச் என்ற இரத்தவியல் அறிஞரும் அவரது குழுவினரும் 1976-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எலிகளில் ஒரு பகுதிக்கு இரும்பில்லாத தீனி கொடுத்தார்கள். மற்றவற்றுக்கு வழக்கமான தீனி. பிறகு இரத்தத்தை மாற்றி ஏற்றி, எல்லா எலிகளின் ஹீமோகுளோபினையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அதாவது இரத்தசோகை என்ற வேறுபாட்டை வேண்டுமென்றே அழித்தார்கள். அதற்குப் பிறகு ஓடும் பட்டியில் ஓட விட்டார்கள். ஹீமோகுளோபின் சமமாக இருந்தும், இரும்பு குறைந்த எலிகளால் மற்றவற்றைப் போல ஓட முடியவில்லை. மிக விரைவிலேயே சோர்ந்து போயின. இரும்பைக் கொடுத்ததும் 4 நாளில் அந்த இயலாமை மறைந்தது. தசைக்குள் சக்தியை உண்டாக்கும் நொதிகளுக்கும் இரும்பு வேண்டும். இரத்தத்தின் நிறம் சரியாக இருக்கிறது என்பதால் தசைக்கு இரும்பு கிடைத்துவிட்டது என்று ஆகாது என்பதுதான் அந்தச் சோதனை சொன்ன செய்தி.

எலியை வைத்து மனிதருக்குச் சொல்லலாமா என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன். இப்போதைக்கு, மனிதரிடமே பார்த்த ஒன்றைச் சொல்லிவிடலாம். பிரான்சில் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் காரணம் தெரியாத அசதியால் அவதிப்பட்ட, மாதவிடாய் நிற்காத 198 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஃபெரிட்டின் 50-க்குக் கீழே. பாதிப்பேருக்கு 12 வாரம் இரும்பு, மீதிப்பேருக்கு வெற்றுக் குளிசை. இரும்பு பெற்றவர்களின் அசதி ஏறக்குறைய 48 சதவீதம் குறைந்தது. வெற்றுக் குளிசை பெற்றவர்களுக்கு 29 சதவீதம். இவர்கள் எவரும் நமது கிளினிக்கின் கணக்கில் நோயாளிகள் அல்லர். உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது என்று சொல்லும் பெண்ணிடம், உனக்கு இரத்தம் சரியாகத்தான் இருக்கிறது, சோம்பல் படாமல் போ என்று சொல்லி அனுப்புவது மலையகத்தில் புதிதா?

மலையகத்துக்கும் எலிக்கும் நேரடியான தொடர்பு ஒன்றும் இருக்கிறது. அதைப் பலர் அறிவதில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெஜி எட்ஜர்டன் 1972-இல் இரும்பு குறைந்த எலிகளின் உழைப்புத் திறனைப் பற்றி எழுதியவர். அதே எட்ஜர்டன், கார்ட்னர், ஓஹிரா என்ற சக ஆய்வாளர்களுடனும், கண்டியில் பணியாற்றிய மருத்துவர் பிரயன் செனவிரத்னவுடனும் சேர்ந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். 1979-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர்களின் கட்டுரை வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்களில் சிலருக்கு இரும்பு, சிலருக்கு வெற்றுக் குளிசை. ஒரு மாதத்துக்குப் பிறகு கூடைகளை நிறுத்துப் பார்த்தார்கள். இரும்பினால் ஹீமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதல் கொழுந்து எடுத்திருந்தார்கள். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 6-க்கும் 9 கிராமுக்கும் இடையில் கிடந்தவர்களிடம் அந்த ஏற்றம் அதிகமாக இருந்தது. உடம்பில் கருவி கட்டி அவர்களின் அன்றாட நடமாட்டத்தையும் அளந்தார்கள். 3 வாரத்தில் இரும்பு பெற்றவர்கள் மற்றவர்களை விட அதிகம் ஓடியாடி வேலை செய்தார்கள்.

நல்ல ஆய்வு. இன்றும் உலகம் முழுதும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதிலிருந்து நம்மவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் எது? இரும்பு கொடுத்தால் கொழுந்து கூடும். கம்பனிக்கு இலாபம். தோட்டத்துப் பெண்ணின் இரத்தத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தராசில் போய் முடிவதற்கு இந்த வாசிப்பு ஒரு காரணம். கூடையின் எடை ஏறினால் போதும் என்று நினைப்பவருக்கு ஹீமோகுளோபின் போதும்தான். கடும் சோகையில் கிடந்தவர் கொஞ்சம் எழுந்து நடந்தால் எடை ஏறும். அத்தோடு கணக்கு முடிந்தது. அவர் வீட்டுக்கு வந்து விறகு பொறுக்கி, ரொட்டி சுட்டு, பிள்ளைமடுவத்தில் விட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துப் படியேறும்போது தசைக்குள் இரும்பு இருந்ததா என்பது தராசில் தெரியாது. அடுத்த பிள்ளையைச் சுமக்கத் தொடங்கும்போது கிடங்கில் எவ்வளவு இருந்தது என்பதும் தெரியாது.

அந்த ஹீமோகுளோபின் எண்ணாவது சரியாக வாசிக்கப்படுகிறதா? இதை எழுதுவதற்கு எனக்குக் கோபமே வருகிறது. ஏனென்றால் இது மலையில் வாழும் எவருக்கும் முதலில் தோன்ற வேண்டிய விடயம். உயரம் கூடக் கூடக் காற்றில் பிராணவாயு ஐதாகும். உடம்பு அதை ஈடுகட்ட ஹீமோகுளோபினைக் கூட்டும். அதனால் மலையில் ஒருவரின் எண் கீழ்நாட்டு எண்ணை விட இயல்பாகவே சற்று ஏறி நிற்கும். கொழும்பில் 12 என்றால் நுவரெலியாவிலும் 12 என்று வாசிக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்தத் திருத்தத்தை 500 மீற்றர் உயரத்திலிருந்தே தொடங்கச் சொல்லியிருக்கிறது. முந்தைய வழிகாட்டியில் 1,000 மீற்றரிலிருந்துதான், அதுவும் சிறிய அளவில்தான் கழித்தார்கள். புதிய கணக்கில் 1,000 முதல் 1,499 மீற்றர் வரை டெசிலீற்றருக்கு 0.8 கிராம், 1,500 முதல் 1,999 வரை 1.1 கிராம் கழிக்க வேண்டும். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றரில் இருக்கிறது, நுவரெலியா 1,868-இல். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்குச் சோகையின் எல்லை 12.0 கிராம் என்றால், ஹட்டனில் அது 12.8, நுவரெலியாவில் 13.1.

நுவரெலியாவில் ஒரு பெண்ணுக்கு 12.6 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 என்ற கோட்டை மட்டும் தெரிந்தவர், ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கிறீங்க என்று சொல்லி அட்டையை நீட்டுவார். உயரத்தைக் கழித்தால் அது 11.5; அவருக்கு இரத்தசோகை. ஒரே பெண், ஒரே துளி இரத்தம். நுவரெலியாவும் ராகலையும் அக்கரப்பத்தனையும் அடங்கிய ஒரு மாவட்டத்தில் இந்தத் தவறு தனிப்பட்ட ஒருவரோடு நிற்காது. விரல் நுனியைக் குத்திப் பிழிந்து எடுக்கும் துளிக்கு வேறொரு தடுமாற்றம் உண்டு: எவ்வளவு அழுத்தினார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். அதே 2024 வழிகாட்டி நாளத்து இரத்தத்தையே விரும்புகிறது. ஃபெரிட்டினுக்கு இந்த உயரத் திருத்தம் தேவையில்லை. கடலோரத்துக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஒரே எல்லை: வளர்ந்தவர்களுக்கு லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 12-க்குக் கீழே இருந்தால் கிடங்கு காலி.

அடுத்த வாதம் கெட்டிக்காரத்தனமானது. எல்லோருக்கும் இரும்பு குறைவு என்று தெரிந்த பிறகு தனித்தனியே அளந்து காசைக் கரைப்பானேன். எல்லோருக்கும் குளிசையைக் கொடுத்துவிட்டால் போகிறது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. அது நின்றால் பெரும் தீங்கு. ஆனால் கொடுத்துவிட்டால் போகிறது என்ற எண்ணம் மலையகத்தில் பரீட்சிக்கப்பட்டு, சறுக்கிய வரலாறு நமக்கு இருக்கிறது.

ரொட்டி மாவில் இரும்பு கலந்தால் வேலை முடிந்தது என்று ஒரு காலம் நம்பினார்கள். தோட்டத்து அடுப்பில் கோதுமை மா ரொட்டிதான் ராசா. ஆகவே வழி நேரானதாகத் தெரிந்தது. தோட்ட மக்களிடையே இரண்டு ஆண்டுகள் அதைச் செய்து பார்த்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளிடமும் பெண்களிடமும் ஹீமோகுளோபின் அசையவில்லை. மாவில் போட்ட இரும்புத் தூள் வகை உடம்பில் எளிதில் சேராதது என்பதை ஒரு காரணமாகச் சொல்லலாம். சோகைக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். கிடங்குக்குள் என்ன நடந்தது என்பதைப் பார்க்காமல், ஹீமோகுளோபின் ஏறியதா என்று மட்டும் கேட்பதன் வரம்பு இதில் தெரிகிறது.

அதற்குப் பத்தாண்டு முன்பு, 1994-இல், அத்துகோரளவும் சக ஆய்வாளர்களும் பெருந்தோட்டக் கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வு இன்னும் தெளிவானது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் மட்டும் பெற்றவர்களை விட, அவற்றோடு பூச்சி மருந்தும் பெற்றவர்களின் நிலைதான் குறிப்பிடத்தக்க அளவு தேறியது. குடலில் பூச்சி இருந்து இரத்தத்தை இழந்துகொண்டிருக்கும் பெண்ணுக்குக் குளிசையைக் கூட்டிக்கொண்டே போவதில் என்ன பயன்? குளிசையை ஓடையில் எறிகிறார்கள் என்று பழி போடுவதற்கு முன், குளிசையை ஒழுங்காக விழுங்கியும் எண் ஏறாத பெண்கள் எத்தனை பேர், அவர்களின் ஃபெரிட்டின் என்ன என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பூச்சிக்கதை இன்று நேற்று வந்ததல்ல. ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரச் சபை 1916-இல் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது தோட்டங்களில்தான். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது, தொழிலாளி எழுந்து வேலைக்குப் போனார். லயங்களில் மலகூடம் கட்டுவதற்கு மட்டும் துரைமார் தயங்கினார்கள். மண்ணில் மறுபடி புழு, காலில் மறுபடி புழு. மருந்தைக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடும் பழக்கம் அப்போதே நம் மலைகளில் நிலைத்துவிட்டது.

எல்லோருக்கும் கொடு என்பதில் வேறு சிக்கலும் உண்டு. இலங்கையில் தலசீமியா கடத்திகள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களின் சிவப்பணுவும் சிறுத்து, ஹீமோகுளோபினும் சற்று இறங்கி இருக்கும். எளிய சோதனையில் இரும்புக் குறைபாட்டைப் போலவே தோன்றும். ஃபெரிட்டின் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். பாராவிட்டால், இரும்பு குறையாத ஒருவர் மாதக் கணக்கில் இரும்பைத் தின்று வயிற்றெரிச்சலோடு வாழ்வார். மருந்து எடுக்கிறாள் இல்லை என்ற பேச்சையும் கேட்பார். இன்னொன்று, இரும்பு குறைந்தவர்களுக்கும் குளிசையை நாள்தோறும் கொடுப்பதா, ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுப்பதா என்பது இப்போது திறந்த கேள்வி. சூரிச் ஆய்வாளர்கள் 2017-இல் காட்டியபடி, ஒரு குளிசை விழுங்கியதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைக் கூட்டி, மறுநாள் இரும்பு உள்ளே வரும் கதவைச் சாத்துகிறது. ஃபெரிட்டின் குறைந்த பெண்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்தபோது அதிகம் சேர்ந்தது. ஹெப்சிடினுக்கும் இரும்புக்கும் உள்ள இந்த உறவு, 2001-இல், பாரிஸில் வேறு ஒரு காரணத்துக்காக வளர்த்த எலிகளின் உடம்பில் இரும்பு குவிந்து கிடந்ததைக் கண்டபோதுதான் பிடிபட்டது. மறுபடியும் எலி.

தேத்தண்ணிக்கு வருவோம். இதில் என் எதிராளிகள் பாதி சரி. தேநீரிலுள்ள டனின், சாப்பாட்டோடு சேரும்போது தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பைக் கட்டிவிடுகிறது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975-லேயே மனிதரிடம் அதை அளந்து காட்டினார்கள். எலியைப் பற்றிய கேள்வியையும் இங்கே தீர்த்துவிடலாம். 1991-இல் ரெட்டி, குக் என்ற ஆய்வாளர்கள் மனிதரிடமும் எலியிடமும் ஒரே உணவுகளைச் சோதித்தபோது, மனிதரில் இரும்புச் சேர்க்கையைப் பெரிதும் மாற்றிய தேநீர் போன்றவை எலியில் அவ்வளவாக அசைக்கவில்லை. உணவு விடயத்தில் எலி நமக்குச் சாட்சி சொல்லாது. தசை விடயத்தில் சொல்லும். எதற்கு எலியை நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பதை அளந்துதான் கண்டார்கள். அளக்காமல் சொல்வது நம்முடைய பழக்கம்.

தேநீர் கெடுக்கிறது என்பது சரிதான். ஆனால் இந்த அறிவுரை ஓர் ஆளைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. அவருடைய நாளைப் பார்த்துச் சொல்லப்படவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடித்தால் கேடு குறைகிறது என்று 2017-இல் லண்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நல்லது. காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும் பெண் அந்த ஒரு மணி நேரத்தை எங்கே போய் வாங்குவார்? மலையில் கிடைக்கும் சின்ன இடைவேளையில் ரொட்டியும் சாயத்தண்ணியும் ஒன்றாகத்தான் இறங்கும். பிரித்துக் குடிக்க நேரம் கிடையாது. நிர்ணயித்த கிலோ வராவிட்டால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர்தான் என்று கணக்கப்பிள்ளை எழுதும் இடத்தில், ஒரு மணி நேரம் பொறுத்துத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லும் துண்டுப்பிரசுரம் யாருக்காக அச்சாகிறது? தட்டில் மீனோ இறைச்சியோ ஒரு துண்டு இருந்தால் தேநீரின் கேடு பெரிதாகத் தோன்றாது. கொழும்பிலும் தேநீர் குடிக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத் துறையில் அது 31.7 சதவீதம். அந்தப் பிள்ளைகள் யாரும் சாயத்தண்ணியால் குள்ளமாகவில்லை.

என் தரப்பில் உள்ள பலவீனத்தை மறைக்கப் போவதில்லை. ஃபெரிட்டின் சுத்தமான சாட்சி அல்ல. காய்ச்சல், சளி, நாட்பட்ட அழற்சி எதுவாயினும் அது ஏறிவிடும். விறகுப் புகை நிறைந்த லயக் காம்பராவில் இருமிக்கொண்டிருக்கும் பெண்ணின் ஃபெரிட்டின் 40 என்று வந்தால் கிடங்கில் இரும்பு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இதைச் சொல்லித்தான் சில மருத்துவர்கள் சோதனையையே ஒதுக்குகிறார்கள். ஆனால் இதற்கான பரிகாரம் நெடுநாளாகவே கையில் இருக்கிறது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கூடவே அளந்துவிடலாம். அது நம் வைத்தியசாலைகளில் காய்ச்சல்காரருக்கு அன்றாடம் பார்க்கும் சோதனை. தொற்றோ அழற்சியோ இருப்பவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி எல்லையை உயர்த்தித் தந்திருக்கிறது: வளர்ந்தவர்களுக்கு 70, சிறு பிள்ளைகளுக்கு 30. எலிக்கு அழற்சி இருக்கிறதா என்று பார்த்து எண்ணை வாசிக்கத் தெரிந்த விஞ்ஞானம், மனிதருக்கு அழற்சி இருப்பதால் எண்ணே வேண்டாம் என்று சொல்வது என்ன நியாயம்? ஹீமோகுளோபினும் அழற்சியில் இறங்குகிறதே, அதை யாரும் ஒதுக்கவில்லையே.

செலவு என்பார்கள். ஃபெரிட்டின் சோதனைக்கு வானத்திலிருந்து இறங்கிய கருவி எதுவும் தேவையில்லை. தைராய்டு ஹோர்மோனை அளக்கும் அதே வகை இயந்திரம்தான் இதையும் அளக்கிறது. தெளிநீரைப் பிரித்துக் குளிரில் வைத்தால் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கோ அனுப்பலாம். எர்ஹார்ட் என்ற ஆய்வாளர் 2004-இல் வெளியிட்ட முறையில், சில துளித் தெளிநீரில் ஃபெரிட்டினையும் சி.ஆர்.பி.யையும் இன்னும் சிலவற்றையும் ஒரே தட்டில் மலிவாக அளக்கலாம். வறிய நாடுகளின் கணக்கெடுப்புகளுக்கென்றே செய்த முறை அது. டிக்கோயாவில் இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டி, 2017 மே மாதம் இந்தியப் பிரதமரை அழைத்துத் திறக்க வைத்த வைத்தியசாலையைப் பற்றிப் பெருமை பேசுகிற அரசியல்வாதிகள், அங்கே மலைப் பெண்ணின் இரத்தத்தில் என்னென்ன அளக்கப்படுகிறது என்று ஒருமுறை கேட்கட்டும்.

எல்லோருக்கும் எல்லா மாதமும் பார்க்கச் சொல்லவில்லை. பாடசாலையை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு ஒருமுறை பார்க்கலாம். கர்ப்பம் தரித்த பிறகு கிடங்கை நிரப்பப் போராடுவதை விட அதற்கு முன் பார்ப்பது எளிது. கர்ப்பிணிப் பதிவின்போது ஹீமோகுளோபினோடு பார்க்கலாம். மூன்று மாதம் குளிசை விழுங்கியும் எண் ஏறாத பெண்ணுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும்; பார்த்துவிட்டுத்தான் அவரை ஏச வேண்டும். ஹீமோகுளோபின் எழுதும் அட்டையிலேயே அந்த ஊரின் உயரத்துக்கு உரிய எல்லை அச்சாகியிருக்க வேண்டும். மருத்துவமாது ஒவ்வொரு முறையும் கழித்துப் பார்க்க வேண்டியிருக்காது. இதற்கு ஒரு சல்லிக்காசும் ஆகாது, ஆனாலும் இதைத்தான் கடைசியில் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

மீதிச் செலவை யார் ஏற்பது என்று கேட்பவருக்கு 1979-ஆம் ஆண்டின் கட்டுரையையே நீட்டலாம். இரும்பு ஏறினால் கொழுந்து ஏறும் என்றும், அதனால் வரும் பொருளாதார நன்மை, குறிப்பாக வளர்முக நாடுகளில், வெளிப்படை என்றும் அதில் எழுதியிருக்கிறது. அந்த நன்மையைப் பல ஆண்டுகளாக வாங்கிக்கொண்டவர்கள் கட்டட்டும். ஒரே ஒரு நிபந்தனை. அந்த எண் தோட்டத்து ஒபிசுக்குப் போகக் கூடாது. ஃபெரிட்டின் குறைந்தவர் எத்தனை கிலோ எடுப்பார் என்று கங்காணி கணக்குப் பார்க்கவோ, கைக்காசு ஆளைத் தெரிவுசெய்யும்போது பட்டியலைப் புரட்டவோ அது உதவக் கூடாது. அது அந்தப் பெண்ணின் கிளினிக் அட்டையிலும் மருத்துவமாதுவின் பதிவேட்டிலும் மட்டும் இருக்க வேண்டும். அதன் பொருளை அவருக்குத் தமிழில் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும். இதற்கு ஒப்பாத கம்பனியின் பணம் வேண்டாம். தேயிலையின் வெளிநாட்டுக் காசில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்த அரசு தன் செலவிலேயே அளக்கட்டும்.